வார்டு எங்கே, கட்டில் எங்கே

நீட் முடிவு வந்து, தரவரிசைப் பட்டியலும் வெளியாகிவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. கேள்வி ஒன்றுதான்: "சார், எதை மேலே போடறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். படிக்கப்போகிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கும். நான் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவத் துறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாறுதல் ஆணை தூக்கிப்போட்ட ஊரிலெல்லாம் வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் சில ஆண்டுகள் மாணவர் விடுதியின் டெபுடி வார்டன் வேலையும் தலையில் விழுந்தது. வார்டும் தெரியும், மெஸ் பில்லும் தெரியும் என்ற நம்பிக்கையில் கூப்பிடுகிறார்கள்.

அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். போன வருடம் எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்கிற பட்டியல். அதே வரிசையில் கலந்தாய்வுக்கான சாய்ஸை நிரப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். என் வாயால் ஒரு 'சரி' வந்தால் பூட்டிவிடலாம் என்று. அந்த வரிசை முழுத் தப்பு என்று சொல்லமாட்டேன். 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி பட்டியலின் தலையில் நிற்பதில் நியாயம் உண்டு. ஆனால் கட்-ஆஃப் என்பது போன வருடத்துப் பிள்ளைகள் எதை விரும்பினார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளும் அதற்கு முந்தைய வருடத்துப் பட்டியலைப் பார்த்துத்தான் விரும்பினார்கள்.

நான் திருப்பிக் கேட்கும் கேள்விகள் இரண்டு. நோயாளிகள் படுத்திருக்கிற வார்டு எங்கே இருக்கிறது? உங்கள் பிள்ளை படுக்கப்போகிற கட்டில் எங்கே இருக்கிறது? பலருக்கு இது வேடிக்கையாகப் படுகிறது. கல்லூரி என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கும் என்கிறார்கள்.

இருக்காது. கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி அவிநாசி சாலையில், பீளமேட்டுப் பக்கம். அதன் மருத்துவமனை ரயில் நிலையத்துக்கு அருகே திருச்சி சாலையில். சேலத்தில் கல்லூரி ஸ்டீல் பிளான்ட் ரோட்டில், ஆஸ்பத்திரி ஊர் நடுவில். தஞ்சாவூரில் கல்லூரி வளாகத்திலேயே பெரிய மருத்துவமனை உண்டு. ஆனால் பிரசவமும் குழந்தை மருத்துவமும் பார்க்க ஊருக்குள் இருக்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்குப் போகவேண்டும். சென்னைக் கல்லூரியின் கதை இன்னும் விரிந்தது. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற ஜி.எச். மட்டும் அதன் ஆஸ்பத்திரி இல்லை. மகப்பேறு எழும்பூரில், குழந்தைகள் மருத்துவமனை எழும்பூரில், 1819இல் தொடங்கிய கண் மருத்துவமனையும் எழும்பூரில்தான். கீழ்ப்பாக்கம் கல்லூரிப் பிள்ளைகள் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் போய்வருவார்கள். ஸ்டான்லிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம்.

முதல் வருடத்தில் இது ஒன்றும் உறைக்காது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் கல்லூரிக் கட்டடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். டிசெக்‌ஷன் ஹாலுக்கும் விடுதிக்கும் நடை தூரம் என்றால் வாழ்க்கை சொகுசுதான். பெற்றோர் வந்து பார்ப்பதும் அந்த வருடத்தைத்தான்: வகுப்பறை, ஆய்வுக்கூடம், வாசலில் புல்தரை. இரண்டாம் வருடம் கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கியதும் காலையில் வார்டு, மத்தியானம் திரும்ப வகுப்பு என்று ஆகிவிடும். கல்லூரி பஸ் உண்டு. தவறவிட்டால் டவுன் பஸ். நாலரை ஆண்டுப் படிப்பில் மீதமிருக்கும் காலமும், அதன்பிறகு வரும் ஹவுஸ் சர்ஜன் வருடமும் வார்டைச் சுற்றித்தான்.

பஸ்ஸில் போய்வரும் அலுப்பு எனக்கு முக்கியமில்லை. பதினெட்டு வயதில் அது தாங்கும். நான் கவலைப்படுவது சாயங்காலத்தைப் பற்றி. வைத்தியம் கற்றுக்கொள்ள நல்ல நேரம் மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை. காலை ரவுண்ட்ஸில் சீஃப், உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், நர்ஸ்கள் என்று ஒரு ஊர்வலமே கட்டிலைச் சூழ்ந்துகொள்ளும். இளநிலை மாணவன் நாலாவது வரிசையில் நின்று எட்டிப்பார்ப்பான். நோயாளியின் கால் தெரியும், முகம் தெரியாது. மாலையில் அந்தக் கூட்டம் இருக்காது. ட்யூட்டி பி.ஜி. ஒரு டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் ஓய்வாக உட்கார்ந்திருப்பார். வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருக்கும், பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருப்பார் நோயாளி. காலையில் "குடிக்கிறதே இல்லீங்க" என்றவர் மாலையில் எத்தனை வருடமாகக் குடிக்கிறார், எந்தக் கடையில் என்பதுவரை சொல்வார். ஹிஸ்டரி எடுப்பது என்று நாங்கள் சொல்லும் கலை அந்த நேரத்தில்தான் கைவரும்.

விடுதி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் இது தானாக நடக்கும். "மூணாவது வார்டுல ஒரு மைட்ரல் ஸ்டெனோசிஸ் வந்திருக்குடா, மர்மர் நல்லாக் கேக்குது" என்று ஒருவன் மெஸ்ஸில் சொன்னால் ஏழெட்டுப் பேர் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நோயாளியின் அனுமதி கேட்டு, அவரைப் படுத்தாமல் இரண்டு இரண்டு பேராகக் கேட்டுவிட்டு வருவார்கள். ஊரின் மறுகோடியில் விடுதி என்றால் இதயத்தில் கேட்கும் அந்த மர்மர் ஓசை மறுநாள் காலைவரை காத்திருக்கவேண்டும். அதற்குள் நோயாளியை எக்கோ எடுக்க அனுப்பியிருப்பார்கள். இறுதித் தேர்வில் லாங் கேஸ் என்று தரப்படும் நோயாளி முன்னால் நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். பரீட்சகராக உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்: புத்தகத்தில் படித்த மர்மரும் காதால் கேட்ட மர்மரும் மாணவன் வாய்திறந்த இரண்டாவது வாக்கியத்திலேயே பிரிந்துவிடும்.

நான் படித்தது திருநெல்வேலியில், எண்பதுகளில். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் அடுத்தடுத்து. அன்றைக்கு நான் யோசித்து எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கடிதத்தில் என்ன ஊர் பெயர் வந்ததோ அங்கே டிரங்குப் பெட்டியோடு போய் இறங்கினேன். தென்மாவட்டத்தில் அரசுக் கல்லூரி என்றால் அப்போது மதுரை, இல்லாவிட்டால் திருநெல்வேலி. இப்போதைய நிலைமை வேறு. 2000 முதல் தூத்துக்குடி, ஆசாரிப்பள்ளம், தேனி, வேலூர், தர்மபுரி, விழுப்புரம், திருவாரூர் என்று மாவட்டம்தோறும் கல்லூரிகள் வந்தன. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 கல்லூரிகளைத் திறந்தார்கள். நீலகிரியிலிருந்து இராமநாதபுரம்வரை இடம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கவேண்டிய தொல்லையும் அதனால் வந்ததுதான்.

ஆசாரிப்பள்ளம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அது காசநோய் மருத்துவமனை இருந்த இடம். ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறைக் கல்லூரியும் அப்படித்தான், சானடோரியம் இருந்த இடம். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நோயாளிகளை ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்தார்கள். அந்த அச்சத்தின் மிச்சமாக இன்றைய பிள்ளைகளுக்கு மரம் நிறைந்த விசாலமான வளாகம் கிடைத்திருக்கிறது. சினிமாவுக்குப் போகத்தான் பஸ் பிடிக்கவேண்டும்.

ஊருக்கு வெளியே வந்த புதிய கல்லூரிகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு இளக்காரம் உண்டு. "அந்தக் கானாவிலக்குல என்ன சார் இருக்கு?" என்பார்கள், தேனிக் கல்லூரியை. ஆஸ்பத்திரி இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வேலூர் அரசுக் கல்லூரி அடுக்கம்பாறையிலும் அப்படியே. விழுப்புரம் கல்லூரி இருக்கும் முண்டியம்பாக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. ராத்திரியில் விபத்துக் காயம் எப்படி வரும் என்பதை அங்கே படிக்கும் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தவேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்கும் அந்த ஊர் மண்ணுக்கேற்ற நோயாளிகள் உண்டு. டெல்டாவில் வயலில் பாம்பு கடித்து வருபவர்கள்; தர்மபுரிப் பக்கம் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டவர்கள்; நீலகிரியில் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் சோகை. கீழ்ப்பாக்கத்துக்குத் தீக்காயப் பிரிவால் பெயர். ஸ்டான்லிக்குக் கை அறுவைச் சிகிச்சையால். எல்லாவற்றையும் ஒரே கல்லூரியில் பார்த்துவிட முடியாது. பெரிய நகரத்தில் படித்தால் எல்லாம் வரும் என்பது மூடநம்பிக்கை.

முதுநிலைப் படிப்பு இருக்கிற கல்லூரியா, இல்லாத கல்லூரியா என்பதும் பார்க்கவேண்டியதுதான். இது இரண்டு பக்கமும் வெட்டும். பி.ஜி.க்கள் நிறைந்த பழைய கல்லூரியில் சொல்லித்தர ஆள் உண்டு. சாயங்கால வார்டில் கற்றுத்தருவது பெரும்பாலும் அவர்கள்தான், பேராசிரியர்களாகிய நாங்கள் இல்லை. ஆனால் ஹவுஸ் சர்ஜன் ஆகும்போது கையில் செய்யவேண்டிய வேலையையெல்லாம் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ரத்தம் எடுக்கவும் ரிப்போர்ட் வாங்க ஓடவும்தான் ஹவுஸ் சர்ஜன். புதிய கல்லூரியில் பிரசவம் பார்ப்பதும் தையல் போடுவதும் ஹவுஸ் சர்ஜன் கைக்கு வரும், ஆனால் கை நடுங்கும்போது பக்கத்தில் நிற்க ஆள் குறைவு. என்னைக் கேட்டால், பி.ஜி. இருக்கிற கல்லூரியே மேல். வேலை செய்யப் பின்னால் எவ்வளவோ காலம் இருக்கிறது.

இனி கட்டில்.

விடுதி விஷயத்தில் புதிய கல்லூரிகள் பல இடங்களில் பழையவற்றைத் தோற்கடித்துவிடும். 150 பேர் சேர்ந்துகொண்டிருந்த பழைய கல்லூரிகள் சில 250ஆக உயர்ந்தன. ஆணை ஒரே நாளில் வரும், கட்டடம் அப்படி வராது. இருவர் அறையில் மூவர், மூவர் அறையில் ஐவர். வகுப்பில் பெண்கள் தொகை கூடிக்கொண்டே வந்ததால் பெண்கள் விடுதியில் நெருக்கடி இன்னும் அதிகம். அறையின் அளவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மேல்மாடிக்குப் போங்கள். காலை ஏழரை மணிக்குக் குழாயைத் திறந்து பாருங்கள். எட்டு மணி வகுப்புக்கு முன் ஒரு மாடியே குளித்தாகவேண்டும். அப்போது தண்ணீர் மேலே ஏறவில்லை என்றால் கீழ்த்தளத்தில் என்ன டைல்ஸ் போட்டிருந்தாலும் பயனில்லை. நான் டெபுடி வார்டனாக இருந்த ஒரு கல்லூரியில் கோடை முழுவதும் என் முக்கிய வேலை மோட்டார் மெக்கானிக்கைத் தேடிப்பிடிப்பதாக இருந்தது. அந்த மாதங்களில் என்னிடம் வந்த எந்த மாணவனும் மருத்துவச் சந்தேகம் கேட்டதாக நினைவில்லை.

மெஸ்ஸைப் பற்றி விசாரிப்பவர்கள் சாப்பாடு ருசியா என்று கேட்கிறார்கள். அரசுக் கல்லூரி விடுதிகளில் பழக்கமானது டிவைடிங் முறை. மாதச் செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாட்களுக்கு வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். மாணவர்களிலிருந்து ஒருவர் மெஸ் ரெப். இந்த முறை ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அறிய ருசி பார்க்கவேண்டாம்; அறிவிப்புப் பலகையில் தொங்கும் நிலுவைப் பட்டியலைப் பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் மளிகைக் கடைக்காரருக்குப் பாக்கி. பாக்கி இருந்தால் அரிசியின் தரம் இறங்கும். அரிசி இறங்கினால் பிள்ளைகள் வெளியே சாப்பிடப் போவார்கள். சாப்பிடும் தலை குறையக் குறைய இருப்பவர்களின் பில் ஏறும். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு ரெப் இருந்த வருடம் எங்கள் விடுதியில் யாருமே வெளியே சாப்பிட்டதில்லை. அந்தப் பையன் பின்னாளில் நல்ல மயக்கவியல் நிபுணர் ஆனான்; அளவு பார்க்கத் தெரிந்தவன்.

ராகிங் பயத்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, "சீனியர்ங்க எப்படி சார்?" என்று சுற்றிக் கேட்பார்கள். 1996இல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மாணவர் நாவரசு கொலையுண்டதை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். மறுவருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இப்போது முதல் வருடத்தவரைத் தனிக் கட்டடத்திலோ தனி மாடியிலோ வைக்கிறார்கள். போய்ப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே பொறுப்பில் இருப்பது யார், அவர் தங்குவது எங்கே? பெயர்ப் பலகையில் வார்டன் பெயர் இருக்கும். அவர் வீடு வேறு ஊரில் இருக்கும். இரவில் அங்கேயே தூங்குகிற காவலரும் மேட்ரனும்தான் உண்மையான வார்டன்கள்.

போன முறை சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அப்பா பேசினார். விசைத்தறி வைத்திருப்பவர். மகளின் ரேங்குக்குக் கீழ்ப்பாக்கமும் கிடைக்கலாம், திருநெல்வேலியும் கிடைக்கலாம். "மெட்ராஸ்ல படிச்சாத்தான சார் நாலு பேரு மதிப்பாங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண்ணின் குரல் வந்தது: "சார், ராத்திரி வார்டுல இருந்து ஹாஸ்டலுக்கு நடந்து வந்துரலாமா? வழில லைட்டு இருக்குமா?" இத்தனை வருடத்தில் எனக்கு வந்த கேள்விகளில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்ட பிறகு இதைக் கேட்கும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். நான் படித்த காலத்து ஹைகிரவுண்டைப் பற்றிச் சொன்னேன். இப்போதைய நிலவரத்துக்கு அங்கே இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண்ணிடம் பேசவைத்தேன். திருநெல்வேலியைத்தான் மேலே போட்டாள். அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பெண்கள் விடுதியைப் பார்க்கப் போகிறவர்கள் பகலில் போய்ப் பயனில்லை. இருட்டின பிறகு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து விடுதிவரை ஒருமுறை நடந்துபாருங்கள். எத்தனை விளக்கு எரிகிறது, நடுவில் பிணவறைப் பக்கமோ வாகனம் நிறுத்தும் இடமோ ஆளில்லாமல் கிடக்கிறதா, நாய்கள் எத்தனை. அப்புறம் ட்யூட்டி ரூம்: உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்களுக்குத் தனியாகக் கழிவறை உண்டா. விடுதியில் எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்ற விதியையும் கேளுங்கள். இரவு எட்டரைக்கு வாசலைப் பூட்டிவிட்டால் நான் மேலே சொன்ன சாயங்கால வார்டு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாகிவிடும். போஸ்டிங் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்வர வழி இருக்கிற விடுதிகளும் உண்டு. அது இருக்கிறதா என்று விசாரிக்க ஒரு போன் போதும்.

சமீப காலத்தில் புதிதாக ஒரு வழக்கம். பிள்ளைக்குக் கல்லூரி கிடைத்ததும் அம்மா கூடவே கிளம்பிவந்து, கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்துச் சமைத்துப்போடுவது. இரண்டு வருடம் நீட் பயிற்சிக்குக்கூட அப்படி இருந்தவர்கள், அதையே நீட்டிக்கிறார்கள். உடல்நலக் குறைவுள்ள பிள்ளை என்றால் சரி. மற்றபடி இதை நான் ஆதரிப்பதில்லை, சொல்லிப் பகையும் சம்பாதித்திருக்கிறேன். விடுதியில் இருக்கிறவனுக்கு சீனியரின் எலும்பு செட் கைமாறி வரும். எந்த யூனிட்டில் எந்த சீஃப் எதைக் கேட்பார் என்பது இரவுச் சாப்பாட்டில் தெரியவரும். முதல் முறை பிணத்தின் மேல் கத்தி வைத்த இரவில் சாப்பாடு இறங்காமல் தவிக்கும்போது அடுத்த கட்டிலிலும் ஒருவன் தவித்துக்கொண்டிருப்பான். அம்மா வைத்த ரசத்துக்கு அந்த வேலை தெரியாது. ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் வேண்டுமானால் நண்பர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அருகில் வீடு எடுக்கலாம். அப்போது தேவையும் இருக்கும், கொஞ்சம் உதவித்தொகையும் வரும்.

தனியார் கல்லூரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பில் வரும் கல்விக் கட்டணத்தோடு கணக்கு முடியாது. விடுதி, மெஸ், பஸ் எல்லாம் தனி. வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள். விடுதி அங்கே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏ.சி.கூட இருக்கும். நீங்கள் பார்க்கவேண்டியது வார்டு. வாரத்தின் நடுவில் ஒரு நாள், சொல்லாமல், பதினொரு மணிக்கு ஓ.பி.க்குப் போய் உட்காருங்கள். பிறகு வார்டில் கட்டிலுக்கு அடியில் பாருங்கள். உண்மையாகப் படுத்திருக்கும் நோயாளியின் கட்டிலடியில் கட்டைப் பை, தூக்குச்சட்டி, பிளாஸ்டிக் குடம், பக்கத்தில் ஒரு பாட்டி எல்லாம் இருக்கும். கட்டில் நிறைந்து கட்டிலடி காலியாக இருந்தால் அது எதற்காக நிறைந்திருக்கிறது என்று யோசியுங்கள்.

காகிதத்தில் இருக்கும் வளாகத்துக்கும் தரையில் இருக்கும் வளாகத்துக்கும் உள்ள இடைவெளியை எய்ம்ஸும் காட்டியிருக்கிறது. மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். 2022இல் சேர்ந்த முதல் தொகுதி 50 பேர் வகுப்புக்குப் போனது இராமநாதபுரத்துக்கு, அங்கே புதிதாகத் திறந்திருந்த அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். அந்தப் பிள்ளைகள் தெரிந்தேதான் சேர்ந்தார்கள். பெயரின் மதிப்பு வேறு, கட்டில் போட்ட ஊர் வேறு என்று தெரிந்து எடுக்கும் முடிவில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெரியாமல் எடுப்பதுதான் வேண்டாம்.

கடைசியாகப் பணம் பற்றி ஒன்று. முதல் சுற்றில் ஒரு கல்லூரி கிடைத்துச் சேர்ந்த பிறகு, இரண்டாம் சுற்றில் அப்கிரேடேஷன் கேட்டிருந்தால் மேலே போட்டிருந்த வேறு கல்லூரி வந்துவிடலாம். வந்துவிட்டால் பழைய இடம் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஆகவே இப்போது இருப்பதைவிட உண்மையாகவே வேண்டும் என்று நினைக்கும் கல்லூரிகளை மட்டும் அந்தப் பட்டியலில் மேலே வையுங்கள். சுற்றுகள் முடியும்வரை வெளியே எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள், மெத்தையும் மேசையும் வாங்காதீர்கள். அதுவரைக்கும் ஒரு பாய், ஒரு வாளி, ஒரு பூட்டு போதும்.